பாண்டிய நாட்டுக் குதிரைகளும் நாற்பது நாள் பக்குவமும்

ஸஹீஹுல் புகாரீயில் ஒரு குதிரைப் பந்தயம் இடம்பெற்றுள்ளது. மதரஸாவில் அந்நூலை ஓதும் மாணவர்கள் அதை முதலில் காண்பது தொழுகை பற்றிய பாடத்தில்தான். ‘இன்னாருடைய பள்ளிவாசல்’ என்று ஒரு பள்ளிக்குப் பெயர் சொல்லலாமா என்பது அங்கே கேள்வி. பந்தயத்தின் எல்லையாக பனூ ஸுரைக் கூட்டத்தாரின் பள்ளிவாசல் குறிப்பிடப்படுவதால், அந்த நபிமொழி அங்கே சான்றாகிறது. மாணவர்கள் சட்டத்தைக் குறித்துக்கொண்டு குதிரையை விட்டுவிடுகின்றனர். பின்னர் ஜிஹாத் பற்றிய பாடத்தில் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அதே செய்தியை அடுத்தடுத்து மூன்று தலைப்புகளின் கீழ்க் கொண்டுவருகிறார்கள். குதிரைகளுக்கிடையே பந்தயம் விடுவது முதல் தலைப்பு. பந்தயத்துக்காகக் குதிரையைப் பக்குவப்படுத்துவது இரண்டாவது. பக்குவப்பட்ட குதிரைகளுக்கு எவ்வளவு தூரம் என்பது மூன்றாவது. அந்த நடுத் தலைப்பைப் பற்றியே நாம் இங்கே எழுதுகிறோம். அதற்கும் நம் மதுரைக்கும் உள்ள தொடர்பு பலரும் அறியாதது.

செய்தி இதுதான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இரண்டு வகையான குதிரைகளுக்குத் தனித்தனியே பந்தயம் நடத்தினார்கள். பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு மைல் என்று அறிவிப்பாளர் ஸுஃப்யான் (ரஹ்) கணக்குச் சொல்கிறார். பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே ஓட்டம். அது ஒரே ஒரு மைல். இதை அறிவிப்பவர் இப்னு உமர் (ரலி) அவர்கள். அவர்களும் அன்று குதிரையேறிப் போட்டியில் கலந்துகொண்டவர்கள்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். எல்லாக் குதிரைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டிருக்கலாம். எது வெல்கிறதோ அது வெல்லட்டும் என்று இருந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஓட வேண்டிய தூரத்தை முடிவு செய்தது அதற்கு முன் நடந்த தயாரிப்பு. புகாரீக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் (இறப்பு 1449) இதிலிருந்து ஒரு சட்டத்தையே எடுக்கிறார்கள்: படைப்புகளை அவரவர் நிலையில் வைத்து நடத்த வேண்டும், இரு வகையையும் கலந்து ஓட்டியிருந்தால் பக்குவப்படாதவை வருந்தியிருக்கும்.

அப்படியானால் பக்குவப்படுத்துதல் என்பது என்ன? அரபியில் அதற்கு இழ்மார் என்றும் தழ்மீர் என்றும் பெயர். மெலியச் செய்தல் என்பது நேர்ப்பொருள். ஆனால் அது பட்டினி போடுவது அன்று. மொழியறிஞர் ஜவ்ஹரீ தம் அகராதியில் தரும் விளக்கத்தின்படி, முதலில் குதிரைக்குத் தீனி போட்டு நன்றாகக் கொழுக்க வைக்க வேண்டும். அதன் பிறகே தீனியைக் குறைத்து, உயிர்வாழப் போதுமான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஆகும் காலம் நாற்பது நாள். அந்த நாற்பது நாளுக்கும் மிழ்மார் என்று பெயர். அது நடைபெறும் இடத்துக்கும் மிழ்மார் என்றே பெயர்.

இன்னொரு மொழியறிஞர் அஸ்ஹரீ. அவருடைய விளக்கம் நமக்கு மிகவும் பிடித்தமானது. ஏனெனில் அது ஏட்டறிவு அன்று. ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் கராமிதாக்களின் கையில் சிக்கி, பாலைவன அரபுகளிடையே நெடுங்காலம் சிறைப்பட்டிருந்தவர் அவர். அந்தத் துன்பத்தையே மொழி ஆராய்ச்சிக்கு வாய்ப்பாக ஆக்கிக்கொண்டார். தாம் கண்ணால் கண்ட தழ்மீரை அவர் விவரிக்கிறார். குதிரைக்குச் சேணம் பூட்டி, மேலே போர்வைகளைப் போர்த்தி வியர்க்க வைப்பார்கள். தொளதொளப்பு நீங்கித் தசை இறுகும். பிறகு எடை குறைந்த சிறுவர்களை அதன்மேல் ஏற்றி ஓட்டுவார்கள். ஆனால் கடுமை காட்டமாட்டார்கள். இவ்வாறு செய்த குதிரைக்கு, முழு வேகத்தில் ஓடும் நாளில் மூச்சு முட்டாது. ஓட்டம் அதை முறித்துப் போடாது.

எடை குறைந்த சிறுவர்கள், கடுமையின்மை. இந்த இரண்டையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். போர் இல்லாத நாளில், போட்டி இல்லாத நாளில் நடந்த வேலை இது. பார்ப்பதற்கு யாரும் கூடமாட்டார்கள். பரிசும் கிடையாது.

இந்த அறிவோடு வளர்ந்த அரபுக் குதிரைகள் கடல் கடந்து நம் பாண்டிய நாட்டுக்கு வந்தன. வந்த பின் அவற்றுக்கு என்ன நேர்ந்தது?

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகம் உலகறிந்த ஒன்று. ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டன. கீஷ் தீவின் பெருவணிகர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ ஆண்டுதோறும் 1400 குதிரைகளை அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவே விளங்கினார். காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. இச்செய்திகளை 1300ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கியவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப்.

மதுரை மக்களின் நினைவில் குதிரை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு, குதிரை வாங்கச் சென்ற பாண்டிய அமைச்சர் வாதவூரரைப் பற்றிய திருவிளையாடல் கதையே போதும். நரி பரியான அந்த நிகழ்வு ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் மதுரையில் நடித்துக் காட்டப்படுகிறது. நம் மக்களிடையே வழங்கும் இராவுத்தர் என்ற பெயரும் குதிரை வீரர் என்ற பொருளுடையதுதான். மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதிகளில் எத்தனையோ இராவுத்தர் குடும்பங்கள். கொட்டிலில் குதிரை இல்லை, பெயரில் இருக்கிறது.

வஸ்ஸாஃப் அடுத்துச் சொல்வதுதான் நம்மைத் திடுக்கிட வைத்தது. இங்கே வந்திறங்கும் குதிரைகளுக்குப் பச்சைப் பார்லி கொடுப்பதில்லை. வறுத்த பார்லியும் வெண்ணெயில் சமைத்த தானியமும் கொடுக்கிறார்கள். குடிப்பதற்குக் காய்ச்சிய பசும்பால். முளையடித்துக் கயிற்றால் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் கொட்டிலிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். அதன் பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல், வீரர்கள் அதன்மேல் பாய்ந்தேறி ஓட்டுகிறார்கள். வலிமையும் வேகமும் மிக்க குதிரைகள் சிறிது காலத்தில் தளர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமற் போகின்றன.

அரபு நாட்டிலும் நாற்பது நாள். பாண்டிய நாட்டிலும் நாற்பது நாள். அங்கே கொழுக்க வைப்பது முதற்படி; இங்கே அதுவே முடிவு. ஒரே விலங்கு, ஒரே கால அளவு, இரண்டு கொட்டில்கள்.

வஸ்ஸாஃப் ஷீராஸ் நகரத்தவர். வணிகர்கள் சொல்லக் கேட்டு எழுதியவர். அலங்கார நடையில் மிகைப்படுத்துபவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆகவே அவர் ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது முறையாகாது. ஆனால் அதே காலத்தில், 1290களின் தொடக்கத்தில், இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் ஏறக்குறைய அதையே சொல்கிறார். இந்நாட்டு மன்னர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரியாமையே காரணம் என்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குக் கொடுப்பதையும் குறிப்பிடுகிறார். தட்பவெப்பமும் ஒரு காரணம் என்று நியாயமாகச் சேர்த்துக்கொள்கிறார்.

இத்தோடு போலோ இன்னொரு குற்றச்சாட்டையும் வைக்கிறார். அதை மறைத்துவிட்டு எழுதுவது நமக்கு அழகன்று. இந்நாட்டில் குதிரை வைத்தியர்களும் லாடக்காரர்களும் இல்லை. குதிரை கொண்டுவரும் வணிகர்கள் அத்தகையோரைக் கூட்டி வருவதில்லை. பிறர் வரவும் விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாக அவர்களுக்கு விற்பனை பெருகும் அல்லவா என்கிறார். அந்த வணிகர்களில் பெரும்பாலோர் நம்மவர்களே. இது ஓர் அயலவரின் சொல். வணிகப் போட்டியில் பிறந்த வதந்தியாகவும் இருக்கலாம். ஆயினும் உண்மையாக இருந்தால், அது கண்டிக்கத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை. விற்கும் பொருளின் குறையை மறைப்பதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நாம் அறிவோம். குதிரையை விற்று, குதிரையைப் பேணும் அறிவை விற்காமல் வைத்துக்கொள்வதும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. இழ்மாரின் நபிமொழியை ஓதிய சமுதாயம், தன்னிடம் குதிரை வாங்கிய அண்டை வீட்டாருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால், இழப்பு அண்டை வீட்டாருக்கு மட்டும்தானா?

1311இல் மாலிக் காஃபூரின் படை மதுரை வரை வந்து திரும்பியபோது, 512 யானைகளோடு 5000 குதிரைகளையும் கொண்டுசென்றதாக அமீர் குஸ்ரூ எழுதுகிறார். அவற்றில் அரபுக் குதிரைகளும் இருந்தனவாம். பாண்டியரின் வீழ்ச்சிக்குக் குதிரைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அரியணைக்காக அடித்துக்கொண்ட சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற இரு சகோதரர்களே அதற்கு முதற்காரணம். ஆனால் இத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் ஆபத்து வந்த நாளில் நாட்டுக்கு உதவவில்லை என்பதும் வரலாறுதான்.

இதைப் படித்துவிட்டு, நம் மண்ணின் மக்கள் விலங்கு வளர்க்கத் தெரியாதவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் போட்டிக் காளை வளர்ப்போரைப் பாருங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்று வாடிவாசல்களும் தை மாதத் தொடக்கத்தில் சில நாட்களே திறக்கின்றன. காளை களத்தில் நிற்பது சில நிமிடங்கள். பல நேரங்களில் சில விநாடிகள். ஆனால் ஆண்டு முழுவதும் வேலை நடக்கிறது. கண்மாயில் நீச்சல், அதிகாலையில் நீண்ட நடை, மண்மேட்டைக் கொம்பால் குத்திக் கிளறும் பழக்கம். பருத்திக்கொட்டையும் தவிடும் அளவறிந்து கொடுக்கிறார்கள். சல்லிக்கட்டின் மார்க்கச் சட்டம் இங்கே நம் பேச்சன்று. சொல்ல வந்தது, புலிக்குளம் மாட்டை அறிந்த இம்மக்கள் அதற்குரிய மிழ்மாரைத் தாமே கண்டுபிடித்திருந்தனர் என்பதே. அரபுக் குதிரை அவர்களுக்குப் புதிது; அதைச் சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. நெய்யும் பாலும் கொடுத்தது அறியாமையாக இருக்கலாம், அன்பின்மை அன்று. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி வைத்திருக்கும் ஊர் இது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மதுரையில் பிள்ளைகள் ஓட்டம் பழகும் பெரிய அரங்கம் இருக்குமிடத்துக்கு இன்றளவும் ரேஸ்கோர்ஸ் என்றே பெயர். குதிரை ஓடியதைச் சொல்லும் பெயர் மனிதர் ஓடும் இடத்துக்கு நிலைத்துவிட்டது. அரபியிலும் இதே கதைதான்: குதிரையைப் பக்குவப்படுத்திய மிழ்மார் என்ற சொல் இன்று ஓடுதளத்தைக் குறிக்கிறது. சொல் ஊர்ந்து வந்த வழியில் ஒன்று உதிர்ந்து போயிற்று. நாற்பது நாளையும் குறித்த சொல் இப்போது இடத்தை மட்டும் குறிக்கிறது.

நம் மஹல்லாக்களின் இளைஞர்களிடமும் அதே உதிர்வைக் காண்கிறோம். பெருநாள் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் கால்பந்து, கபடி, கிரிக்கெட் என்று போட்டிகள் நடக்கின்றன. அணி பெயர் கொடுக்கிறது, பனியன் அச்சடிக்கப்படுகிறது. ஆறு மாதமாக ஓடாத கால்கள் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடுகின்றன. பிறகு தொடையில் தசை பிடிப்பு, முழங்காலில் கட்டு. ஓட்டத்துக்குரிய மூச்சுத் திறன், பயிற்சியை விட்ட இரண்டு வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது என்பது இன்றைய உடற்பயிற்சி அறிவியல் உறுதியாகச் சொல்லும் ஒன்று. தசை வலிமை இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். திரும்பத் தொடங்கும்போது தசை விரைவில் தேறிவிடும்; தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் தேறுவதற்கு அதிக நாளாகும். இளைஞன் தனக்கு வலிமை வந்துவிட்டதாக நம்பும் அந்த இடைவெளியில்தான் காயம் நேர்கிறது. சோவியத் நாட்டின் லெவ் மத்வெயெவ் என்ற ஆய்வாளர் 1960களில் ஆண்டையே தயாரிப்புக் காலம், போட்டிக் காலம், இடைக்காலம் என்று பிரித்துப் பயிற்சித் திட்டம் வகுத்தார். விளையாட்டுலகம் அதைப் பெரிதும் பின்பற்றுகிறது. மதீனாவின் இரண்டு ஓடுபாதைகளை அறிந்த நமக்கு அது முற்றிலும் புதிய பாடமாகத் தோன்றக் கூடாது.

ரமழானை மிழ்மார் என்று அழைத்தவர் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் என்று அறிவிக்கப்படுகிறது. வணக்கத்தில் முந்துவதற்காக அல்லாஹ் அடியார்களுக்கு அமைத்த பயிற்சிக் களம் என்பது அவர்களுடைய கருத்து. உவமையை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது இப்போது தெளிவாகிறது. பகலில் தீனி குறைகிறது. இரவில் நின்று தொழும் உழைப்பு கூடுகிறது. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? நோன்புக் கஞ்சியில் குறையில்லை. அதைத் தொடர்ந்து வரும் சமோசா, வடை, ரோஸ்மில்க், இரவுப் பரோட்டா, ஸஹரில் நெய்ச்சோறு. ‘பிள்ளை நோன்பு பிடித்திருக்கிறான், ஓடியாடக் கூடாது’ என்று பெற்றோர் கட்டிப்போடுகின்றனர். முப்பது நோன்பும் பெருநாளின் விருந்து நாட்களும் சேர்ந்தால் நாற்பது நாள். வஸ்ஸாஃப் வருணித்த கொட்டில் நமக்கு நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை.

பயிற்சியாளர்கள் கூறுவது எளியது. ரமழானில் புதிதாக வலிமை சேர்க்க முனைய வேண்டாம். இருப்பதைக் காத்தால் போதும். வாரம் இரண்டு நாள், தராவீஹுக்குப் பின் அரை மணி நேரம், தண்டால், பஸ்கி, நடை என்ற அளவில் செய்தாலே பெரும்பகுதி வலிமை நிலைக்கும். ஷவ்வாலில் முதல் வாரம் பாதி அளவு, அடுத்த வாரம் சற்றுக் கூடுதல். எடை குறைந்த சிறுவர்கள், கடுமையின்மை என்று அஸ்ஹரீ கண்டதற்கு இக்காலப் பொருள் இதுவே. பள்ளியின் இளைஞர் குழுக்கள் போட்டிக்கு வசூல் செய்வதைப்போல, போட்டிக்கு முந்தைய ஆறு வாரத்துக்கு ஒரு பயிற்சியாளரை அமர்த்தவும் வசூல் செய்யலாம்.

ஒன்றை மட்டும் எச்சரித்தாக வேண்டும். போர்வை போர்த்தி வியர்க்க வைத்ததைப் படித்துவிட்டு, ரப்பர் உடை அணிந்து வெயிலில் ஓடி எடை குறைக்க எவரும் முற்பட வேண்டாம். வியர்வையில் உடனே வெளியேறுவது நீர்; கொழுப்பன்று. 1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் இவ்வாறு அவசரமாக எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பின் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடைக்குத் தடை வந்தது. தழ்மீரைப் பற்றிப் பேசும்போது, விலங்கைப் பசியில் வைப்பது தேவையில்லாதபோது வதையாகும் என்பதை இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். விலங்குக்கே இந்த அளவு என்றால், தன் உடலை வதைத்துக்கொள்ள மனிதனுக்கு எங்கிருந்து அனுமதி?

பெண் பிள்ளைகளுக்கு இதில் பங்கில்லை என்று கருதுவோர், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். பயணமொன்றில் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்து அன்னையவர்கள் வென்றார்கள். பின்னர் உடல் சதை போட்ட காலத்தில் மறுபடியும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள்; அன்றைக்கு இது ஈடு என்று சொன்னார்கள். தாம் தோற்றதற்கு உடல் பருத்ததே காரணம் என்பதை மறைக்காமல் சொல்பவர்கள் அன்னையவர்களே. இரண்டாவது ஓட்டத்தில் தோற்றதனால் அந்தச் செய்தியைச் சொல்லாமல் விட்டுவிடவில்லை.

அந்த மதீனாப் பந்தயத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பில் இப்னு உமர் (ரலி) அவர்கள் தாமே முந்தி வந்ததாகவும், குதிரை வேகத்தில் நிற்காமல் தம்மைச் சுமந்தபடி பள்ளிவாசலைத் தாண்டிப் பாய்ந்துவிட்டதாகவும் கூறுகிறார்கள். அது பனூ ஸுரைக் பள்ளிவாசல். அப்படியென்றால் அவர்கள் ஏறியிருந்தது பக்குவப்படுத்தப்படாத குதிரை. ஓடியது ஒரு மைல் பாதை.